சிவப்பு வட்டம், நீல வட்டம்

டாக்டர் கேட்டது அவரை. பதில் சொன்னது நான்.

என் வாயால் நான் கெடுத்துக்கொண்ட காரியங்கள் ஒன்றிரண்டல்ல. ரேஷன் கடையில், சொந்தக்காரர் கல்யாணத்தில், மகளின் ஹாஸ்டல் வார்டனிடம் என்று பட்டியல் நீளும். அதற்கெல்லாம் நான் வருத்தப்பட்டதே இல்லை. வாய் எதற்கு இருக்கிறது, பேசத்தானே! ஆனால் அந்த ஒரு பதிலை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமென்றால், மீதி நாளெல்லாம் ஊமையாக இருந்துவிடக்கூடச் சம்மதம்.

அடுத்த மாதம் என் கணவர் ரிட்டயர் ஆகிறார். ரிட்டயர் ஆனால் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட வேண்டும். பக்கத்தில் வடக்குத்து என்ற ஊரில் ஒரு வீடு கட்டியிருக்கிறோம். சாமான்களை ஒழித்துக்கொண்டிருந்தபோது பரணிலிருந்து ஒரு மஞ்சப்பை விழுந்தது. உள்ளே பழைய காலண்டர் தாள்கள், எண்ணெய்க் கறையோடு. போட்டது போட்டபடி தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவருக்கு நிலக்கரி மைன்ஸில் வேலை. மண்ணை வாளி வாளியாக வெட்டி அள்ளி ஓடும் பெல்ட்டில் கொட்டும் ராட்சத மெஷினில் ஆபரேட்டர். ஏணி ஏணியாக ஏறிப் போய், உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வேண்டும். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஐ.டி.ஐ. சர்ட்டிபிகேட்டோடு வந்தவர், கீழே கிரீஸ் போடும் வேலையில் தொடங்கி, பதினான்கு வருடம் கழித்து அந்தக் கூண்டில் போய் உட்கார்ந்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "அங்கேருந்து பார்த்தா ஆளுங்க எல்லாம் கடுகு மாதிரி தெரியுறாங்க" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட அந்த முகத்தில் அவ்வளவு வெளிச்சம் இல்லை. அந்தக் கூண்டிலிருந்து யாரும் அவரை இறக்கிவிடக் கூடாது என்றுதான் நான் எல்லாமே செய்தேன். அதுதான் பெரிய கூத்து.

எங்கள் ஊரில் தூக்கத்துக்கு நேரம் காலம் கிடையாது. முதல் ஷிஃப்ட், இரண்டாவது ஷிஃப்ட், நைட் ஷிஃப்ட் என்று வாரத்துக்கு வாரம் மாறும். பட்டப்பகலில் ஓர் ஆண்பிள்ளை போர்வையை இழுத்து மூடிப் படுத்திருந்தால் எங்கள் பிளாக்கில் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று அவர்களே முடிவு செய்து, தெருவில் விளையாடும் பிள்ளைகளை "அந்தப் பக்கம் போய் ஆடுங்கடா" என்று விரட்டிவிடுவார்கள். விடிவதற்கு முன்னால் ஒருவர் தோட்டத்தில் மண்வெட்டியோடு நின்றாலும் அப்படித்தான். ஷிஃப்ட்காரர், தூக்கம் வந்திருக்காது, அவ்வளவுதான். மனசுக்கு வரும் வியாதி ஒளிந்துகொள்ள இதைவிட வசதியான ஊர் கிடைக்காது.

ஷிஃப்ட் மாற்றிக்கொள்ளும் பழக்கமும் உண்டு. உனக்குத் தங்கச்சி கல்யாணமா, போய் வா, உன் ஷிஃப்ட்டை நான் பார்க்கிறேன். எனக்கு அம்மாவுக்குக் காரியம் வந்தால் நீ பார். மேலே இருப்பவர் தலையை ஆட்டிவிட்டால் போதும். இப்போது விரலை வைத்தால்தான் வருகை என்று ஆகிவிட்டது, முன்புபோல் முடியாது. அந்தக் காலத்தில் மனிதர்கள் ஒருவருக்கொருவர் அப்படித்தான் தாங்கிக்கொண்டார்கள். அதில் ஒரு தப்பும் இல்லை. தப்பு நான் அதைப் பயன்படுத்திய விதத்தில்.

யார் யாருக்காகப் போனார்கள் என்பது மறந்துபோகக் கூடாதே என்று சமையலறைக் காலண்டரில் குறித்துவைப்பேன். பண்ருட்டி மளிகைக் கடையில் வருஷப் பிறப்புக்குக் கொடுக்கும் மாதக் காலண்டர். இவர் மற்றவருக்காகப் போன நாளில் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம். இவருக்காக மற்றவர் போன நாளில் நீல வட்டம். மாதம் முடிந்ததும் தாளைக் கிழித்து அலமாரித் தட்டில் விரித்து, அதன்மேல் பருப்பு டப்பாக்களை வைத்துவிடுவேன். காகிதத்தை வீணாக்க எனக்கு மனசு வராது.

சிவப்பு மாதங்கள் வந்தால் வீடே களை கட்டும். தன் ஷிஃப்ட் முடிந்து வந்தவர் இன்னொருவருடைய ஷிஃப்ட்டுக்குச் சிரித்துக்கொண்டே கிளம்புவார். மூன்று மணி நேரம் படுத்தால் அதிகம். எழுந்து எதிர் வீட்டு மிக்ஸியைப் பிரிப்பார், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பார், பின்பக்கம் பாத்தி கட்டுவார். மூன்று பேர் பேச வேண்டியதை ஒருவரே பேசுவார். குறுக்கே ஒரு வார்த்தை போட்டால் மட்டும் முகம் சட்டென்று மாறும். அப்படி ஒரு வருடத்தில்தான் நல்ல உழைப்பாளி என்று மேடையில் கூப்பிட்டு ஷீல்டு கொடுத்தார்கள். டிவி மேல் வைத்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டினேன். "உங்க வீட்டுக்காரர் மாதிரி ஒருத்தர் கிடைக்கணுமே" என்று பிளாக்கில் பெண்கள் சொன்னால் எனக்குக் கால் தரையில் பாவாது.

நீல மாதங்களைப் பற்றி நான் யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

கட்டில் ஓரத்தில் ஒரு காலில் சாக்ஸைப் போட்டுக்கொண்டு, இன்னொரு சாக்ஸைக் கையில் வைத்தபடி அப்படியே இருப்பார். ஷிஃப்ட் பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விடும். சோற்றைப் பிசைவார், வாய்க்குப் போகாது. குளிக்கச் சொன்னால், "நாளைக்கு" என்பார். நானா விடுகிறவள்? "ஆம்பளை இப்படியா உக்காந்துகிட்டு இருப்பாங்க? உங்களுக்கு என்ன குறை வச்சிருக்கேன்? எந்திரிங்க!" என்று கத்துவேன். கத்தி முடித்ததும் எதிர் குவார்ட்டர்ஸுக்கு ஓடுவேன். அங்கே இருந்தவர் அவருடன் அதே மெஷினில் வேலை பார்த்தவர், என்னை அக்கா என்று கூப்பிடுவார்.

"தம்பி, அவருக்குக் காய்ச்சல். இன்னிக்கு ஒரு ஷிஃப்ட் பார்த்துக்கறீங்களா?"

"அதுக்கென்னக்கா, அண்ணன் எனக்காக எவ்வளவோ போயிருக்காரு."

காய்ச்சல், வயிற்றுப்போக்கு, கழுத்துப் பிடிப்பு, பல் வலி. நான் சொல்லாத நோய் இல்லை, உண்மையான நோயைத் தவிர. எனக்கே அது தெரியாது என்பதும் உண்மை. கண்ணேறு என்று சுற்றிப் போட்டேன். சர்க்கரை பார்த்தோம், தைராய்டு பார்த்தோம், எல்லாம் நார்மல். மனசு பற்றிய யோசனை வந்தபோதெல்லாம் தள்ளிவிட்டேன். டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் காட்டினால் ரெக்கார்டில் ஏறிவிடும், ஏறினால் மெஷினை விட்டு இறக்கிவிடுவார்கள் என்று எங்களுக்குள் ஒரு பேச்சு. யாருக்கு அப்படி நடந்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆனாலும் எல்லோரும் நம்பினோம்.

இரண்டு மூன்று மாதம் போனால் தானாகத் தெளிந்து எழுந்துவிடுவார். கொஞ்ச காலம் சாதாரணமாகப் போகும். பிறகு சிவப்பு. தனக்காகப் போனவர்களுக்கெல்லாம் வட்டியும் முதலுமாகத் திரும்பப் போவார். அதனால் யாருக்கும் மனக்குறை இல்லை. ஆபீஸ் வருகைப் பதிவில் ஓட்டை இல்லை. நான்தான் கெட்டிக்காரி ஆயிற்றே, எல்லாவற்றையும் மேடு பள்ளம் தெரியாமல் நிரவிவிட்டேன்.

ஒரு வருடம் மழைக்காலத்தில் நீலம் தெளியவே இல்லை. மகள் அப்போது வெளியூரில் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். ஒரு மத்தியானம் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நானும் ஆசையாகக் கீரைக்கட்டில் பாதியை அவர் பக்கம் தள்ளினேன். அவர் தொடவில்லை.

"சர்வீஸ்ல இருக்கும்போதே ஒருத்தன் போயிட்டா, பொண்ணுக்கும் வேலை குடுப்பாங்கல்ல? பையனுக்கு மட்டும்னு இல்லையே?"

என் கை நின்றுவிட்டது. எங்கள் ஊரில் அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்தில் ஒருவர் வாரிசு வேலைக்கு மனுப் போடலாம். யாராவது போய்ச் சேர்ந்தால் பதினாறாம் நாள் காரியத்திலேயே அந்தப் பேச்சு வந்துவிடும். ஆனால் ஒரு மனிதர் கீரைக்கட்டுக்கு எதிரில் உட்கார்ந்து தனக்காகவே அதை விசாரிப்பார் என்று நான் நினைத்ததில்லை. மறுநாள் காலை அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். டவுன்ஷிப்பில் இல்லை; கடலூரில், தெரிந்த முகம் ஒன்றுகூட வராத ஒரு தனியார் கிளினிக்குக்கு.

டாக்டர் நிதானமானவர். அவசரப்படவில்லை. தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகவே கேட்டார். இவர் தலையைக் குனிந்துகொண்டு உண்டு என்றார். தூக்கம், பசி, வேலை, குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தவர், பேனாவைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கேள்விக்கு வந்தார்.

"இதுக்கு நேர்மாறா எப்பவாவது இருந்திருக்கீங்களா சார்? தூக்கமே தேவைப்படாம, ரொம்ப உற்சாகமா, வழக்கத்தைவிட அதிகமாப் பேசிக்கிட்டு, ஒரே நேரத்துல பத்து வேலையை இழுத்துப் போட்டுக்கிட்டு? யோசிச்சுச் சொல்லுங்க. இது முக்கியம்."

கிளினிக்குக்குள் நுழைந்ததிலிருந்து அப்போதுதான் முதல்முறையாக இவர் தலையைத் தூக்கினார். வாயைத் திறந்தார். நான் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன், ஏதோ சொல்ல வந்தார்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க டாக்டர்" என்றேன் நான். "நல்லா இருக்கும்போது ரொம்ப நல்லா இருப்பாரு. ஷிஃப்ட்காரங்களுக்குத் தூக்கம் ஏதுங்க? நல்ல உழைப்பாளி, பரிசெல்லாம் வாங்கியிருக்காரு."

எனக்கு என்ன பயம் தெரியுமா? ஒரு வியாதியோடு இன்னொரு வியாதியையும் சேர்த்துவிடப் போகிறாரே என்ற பயம். அவருடைய கெட்ட நாட்களை எழுதிக்கொள்ளட்டும். நல்ல நாட்களையும் வியாதி என்று எழுதினால் எங்களுக்கு என்னதான் மிச்சம்? அதோடு, தூங்காத ஆளை மெஷினில் உட்காரவைக்கலாமா என்று கேட்டுவிட்டால்?

டாக்டர் என்னை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க சார்."

திறந்த வாய் மூடிக்கொண்டது. "அவ சொல்றது சரிதான்" என்றார்.

மனச்சோர்வு, டிப்ரஷன் என்று சொல்லி மாத்திரை எழுதினார் டாக்டர். பதினைந்து நாளில் கண்டிப்பாகத் திரும்ப வர வேண்டும், நடுவில் தூக்கம் குறைந்து திடீரென்று ரொம்ப உற்சாகமாகிவிட்டால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் போன் செய்ய வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். நம்பரை மாத்திரைச் சீட்டின் மேலேயே பெரிதாக எழுதிக் கொடுத்தார். அவர்மேல் குற்றம் சொல்ல எனக்கு நாக்கு வராது.

மூன்றாவது வாரம் சாக்ஸ் இரண்டும் தானாகக் காலில் ஏறின. நான்காவது வாரம் சிரித்தார். நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். டாக்டரிடம் திரும்பப் போனோமா? எதற்கு? ஆள்தான் நன்றாகிவிட்டாரே!

பிறகு வந்ததை நான் அதுவரை பார்த்ததில்லை. சிவப்பு மாதங்களையெல்லாம் சேர்த்துப் பிழிந்தாற்போல் இருந்தது. முத்தாண்டிக்குப்பத்துக்குப் போய் நாற்பது பலாக்கன்று வாங்கிவந்து, குவார்ட்டர்ஸ் பின்பக்கம் காலடி வைக்க இடமில்லாமல் நட்டார். பிளாக்கில் வீட்டுக்கு வீடு போய், "உங்களுக்கு ரெண்டு மரம், உங்களுக்கு மூணு மரம்" என்று எழுதிக்கொடுத்தார். சொந்தக்காரர்களை வரிசையாகப் போனில் பிடித்து, ஒவ்வொருவரிடமும் ஒரு மணி நேரம் பேசினார். பெல்ட்டில் மண் போகும் முறையையே மாற்றப்போகிறேன் என்று நோட்டு நோட்டாக வரைந்து தள்ளினார். நான் அந்த நோட்டுகளை மகளிடம் போனில் பெருமையாகச் சொன்னேன். அவள், "அப்பா தூங்குறாராம்மா?" என்று கேட்டாள். "படிக்கிற வேலையைப் பாரு" என்றேன்.

எங்களுக்குப் பால் ஊற்றியது வடக்குத்திலிருந்து வரும் ஓர் அம்மா. விடியும்போது வருகிறவள், பிளாக்கில் யார் வீட்டு விளக்கு எப்போது எரிகிறது என்பது அவளுக்குத்தான் தெரியும். ஒரு காலையில் பாலை ஊற்றிவிட்டுப் போகாமல் நின்றாள்.

"கோச்சிக்காதீங்கம்மா. உங்க வூட்டுக்காரரு ஒரு வாரமா தூங்கவே இல்லாத மாதிரி இருக்குது. நான் எந்நேரம் வந்தாலும் மம்புட்டி புடிச்சிக்கினு நிக்கிறாரு. எங்கண்ணனும் இப்பிடித்தான், பேசிக்கினே இருந்துச்சி, சிரிச்சிக்கினே இருந்துச்சி. நாங்களும் நல்லாத்தான் இருக்குதுன்னு விட்டுட்டோம். கடைசில கெணத்துலேருந்துதான் தூக்கினாங்க. ஒருக்கா டாக்டருகிட்ட காட்டிடுங்கம்மா."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "உங்கண்ணனும் எங்க வீட்டுக்காரரும் ஒண்ணா? ஊத்துற பாலை ஊத்திட்டுப் போற வேலையைப் பாரு." மறுநாளிலிருந்து பாக்கெட் பால். ஊரில் அத்தனை பேர் இருக்க, என் வீட்டு வியாதியைச் சரியாகக் கண்டுபிடித்தவள் அவள் ஒருத்திதான். பர்மனென்ட் உத்தியோகக்காரர் பெண்டாட்டி என்ற திமிரில் அவளை வாசலோடு அனுப்பிவிட்டேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, சொல்லாமல் இருந்தால் இன்னும் வெட்கம்.

நான்கு நாள் கழித்து, சாயங்காலம், இரண்டாவது ஷிஃப்ட்டில் அது நடந்தது. மண் போகும் பெல்ட்டின் ஓரமாக நெடுக ஒரு கயிறு ஓடும். யாருக்காவது கை கால் மாட்டிக்கொண்டால் இழுத்து நிறுத்துவதற்கு. இவர் மெஷினை விட்டு இறங்கி வந்து அந்தக் கயிற்றை இழுத்துவிட்டார். பெல்ட் நின்றது. என்னமோ ஏதோ என்று ஓடிவந்தவர்களை உட்காரச் சொல்லி, தன் நோட்டை விரித்து விளக்கம் சொல்ல ஆரம்பித்திருக்கிறார். பெல்ட்டைத் திரும்ப ஓட்டப் போன எதிர் வீட்டுத் தம்பியை நெஞ்சில் கைவைத்துத் தள்ள, அவர் இரும்புப் படியில் விழுந்து புருவம் கிழிந்தது.

செக்யூரிட்டி ஜீப்பில் கொண்டுவந்து வாசலில் இறக்கினார்கள். பிளாக்கே கேட் கேட்டாக நின்று பார்த்தது. இவர் எல்லோருக்கும் கையாட்டிக்கொண்டே இறங்கினார். "நாளைக்கு எனக்குப் புரொமோஷன் ஆர்டர் வருது பாரு" என்று என்னிடம் சிரித்தார். அவர் சிரிப்பைப் பார்த்து நான் முதல்முறையாகப் பயந்தது அப்போதுதான். மாத்திரைச் சீட்டைத் தேடி எடுத்து அந்த நம்பருக்குப் போன் செய்தேன். செய்ய வேண்டியதைவிட ஒரு மாதம் தாமதமாக.

டாக்டர் உடனே அட்மிட் செய்துவிட்டார். என்னை உட்காரவைத்து, "இது எப்பலேருந்து இருக்கு? எத்தனை நாளைக்கு ஒருதரம் வரும்? டைரி, நோட்டு ஏதாவது எழுதிவைக்கிற பழக்கம் உண்டாம்மா?" என்று கேட்டார். எனக்கு மூளை வேலை செய்யவில்லை. டைரியா, நானா என்று சொல்லிவிட்டு, அவருக்கு மாற்றுத் துணி எடுத்துவர ஊருக்குத் திரும்பினேன்.

காபி போடலாம் என்று சர்க்கரை டப்பாவைத் தூக்கினேன். அதன் அடியில் ஒரு பங்குனி மாதம். கட்டம் கட்டமாகச் சிவப்பு வட்டங்கள், எண்ணிப்பார்த்தால் பதினொன்று. பக்கத்து டப்பாவை நகர்த்தினேன். அதற்கு முந்தைய மாதம், ஒன்பது. அடுத்த தட்டில் ஓர் ஆவணி, முழுக்க நீலம். அடுப்பை அணைத்துவிட்டேன்.

பருப்பு, அரிசி, மிளகாய், புளி எல்லா டப்பாக்களையும் தரையில் இறக்கினேன். மேல் தட்டுகளில் தாளுக்கு அடியில் தாள். ஆறு வருடத்துத் தாள்கள் இருந்தன. நடுவில் சில இல்லை, வடாம் காயவைக்கவும் முறுக்குச் சுற்றிக்கொடுக்கவும் போயிருக்கும். மாதவாரியாகத் தரையில் அடுக்கினேன். சமையலறை போதாமல் கூடத்துக்கும் வந்தது. பிறகு எழுந்து நின்று பார்த்தேன்.

மூன்று மாதம் நீலம். கொஞ்சம் வெறும் தாள். இரண்டு மாதம் சிவப்பு. வெறும் தாள். மறுபடி நீலம். ஒரு வருடமல்ல, இரண்டு வருடமல்ல. எல்லாம் என் கையெழுத்து. டாக்டர் கேட்ட கேள்விக்குப் பதில் ஆறு வருடமாக என் பருப்பு டப்பாவுக்கு அடியில் இருந்திருக்கிறது. அந்த டப்பாவைத் தினமும் எடுத்துத் தினமும் வைத்தவள் நான். வாய்விட்டு அழுதேன். பகலில் சத்தம் போடக் கூடாது என்ற எங்கள் பிளாக் வழக்கத்தை அன்றைக்கு ஒருநாள் மீறினேன்.

தாள்களை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு மறுபடி பஸ் ஏறினேன். டாக்டர் அவற்றை மேஜையில் பரப்பி, எழுந்து நின்று வெகுநேரம் பார்த்தார். ஒரு தாளில் ஒட்டியிருந்த உளுந்தைத் தட்டிவிட்டார்.

"இது வெறும் டிப்ரஷன் இல்லம்மா. பைபோலார்னு சொல்வோம். கீழே இறங்குறதும் வியாதி, மேலே ஏறுறதும் வியாதி. ஒரே வியாதிக்கு ரெண்டு முகம். ஏறுறது நல்லா இருக்கிறதால யாரும் அதைச் சொல்ல மாட்டாங்க. அது தெரியாம, கீழே இறங்கினதுக்கு மட்டும் மாத்திரை குடுத்தா, சில பேரை அது ஒரேயடியா மேலே தூக்கிடும்."

"நான் அன்னிக்கே சொல்லியிருந்தா?"

அவர் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். "மாத்திரை வேறயா இருந்திருக்கும்" என்றார்.

மாத்திரை வேறாயிற்று. லித்தியம், அதற்கு இத்தனை மாதத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை, தினமும் ஒரே நேரத்தில் தூக்கம். நைட் ஷிஃப்ட் கூடவே கூடாது என்று எழுதிக்கொடுத்தார். விசாரணை நடந்தது. டாக்டரின் சர்ட்டிபிகேட் காப்பாற்றியது, வேலை போகவில்லை. எதிர் வீட்டுத் தம்பி, புருவத்தில் தையலோடு வந்து, தானே தடுக்கி விழுந்ததாகச் சொல்லிவிட்டார். கூண்டு மட்டும் போயிற்று. ஆபத்துக்கு வைத்த கயிற்றை விளையாட்டாக இழுத்த ஆளை மறுபடி மெஷினில் ஏற்ற யாரும் சம்மதிக்கவில்லை, அது நியாயம்தான். ஜெனரல் ஷிஃப்ட்டில் ஸ்டோரில் போட்டார்கள். கையுறையும் ஷூவும் எடுத்துக் கொடுக்கும் வேலை. எந்த ரெக்கார்டுக்குப் பயந்தேனோ அதைவிடப் பெரிய ரெக்கார்டு, ஊர் முழுக்கத் தெரிந்த ரெக்கார்டு.

பால்காரம்மா வீட்டைத் தேடிக்கொண்டு வடக்குத்துக்குப் போனேன். திண்டாடித்தான் கண்டுபிடித்தேன், அத்தனை வருடம் பால் ஊற்றியவளிடம் பெயரைத் தவிர ஒன்றும் கேட்டுவைத்ததில்லை. மன்னிப்புக் கேட்க வாய் வராமல், "நாளைலேருந்து ஒரு லிட்டர் ஊத்து" என்றேன். "அய்யா இப்ப தூங்குறாரா?" என்று மட்டும் கேட்டாள். நாங்கள் இப்போது கட்டியிருக்கும் வீடு, அவள் வீட்டுக்கு நாலாவது வீடு.

அவர் இப்போது நன்றாகத்தான் இருக்கிறார். மாத்திரையால் கை லேசாக நடுங்கும், தண்ணீர் நிறையக் குடிப்பார். ஒன்பதரைக்குப் படுத்துவிடுவார். நான்தான் மாறிப்போனேன். அவர் கொஞ்சம் உரக்கச் சிரித்தால் என் கண் கடிகாரத்துக்குப் போகும். பாத்ரூமில் பாட்டு முணுமுணுத்தால் கதவோரம் நின்றுவிடுவேன். ஒருநாள் உள்ளேயிருந்தே, "பயப்படாதே, சும்மாதான் பாடுறேன்" என்றார். ஒரு மனிதர் தன் வீட்டில் சந்தோஷமாக இருக்கக்கூட எனக்குச் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கிறது.

மஞ்சப்பை விழுந்த அன்றைக்கு அவர் கூடத்தில் பெட்டிகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். நான் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அருகில் வந்தார். ஒன்றை எடுத்து விரித்தார், சிவப்பு மாதம். இத்தனை வருடம் கேட்கப் பயந்ததை அப்போது கேட்டேன்.

"கடலூர் டாக்டர் அன்னிக்குக் கேட்டப்ப வாயைத் திறந்தீங்களே. என்னங்க சொல்ல வந்தீங்க?"

எந்த டாக்டர், என்றைக்கு என்று அவர் கேட்கவில்லை. அதிலேயே எனக்குப் பாதி உயிர் போயிற்று.

"சில நாள் உடம்பெல்லாம் கரன்ட் ஓடுற மாதிரி இருக்கு, தூக்கமே வேணாம்னு இருக்கு, அப்ப அந்த மெஷின்ல உக்கார எனக்கே பயமா இருக்குன்னு சொல்ல வந்தேன். கொஞ்ச நாளைக்கு என்னைக் கீழே போடச் சொல்லி ஒரு லெட்டர் குடுங்கன்னு கேக்கலாம்னு நெனச்சேன்."

"கொஞ்ச நாளைக்கா?"

"கொஞ்ச நாள்தான். சரியானதும் மறுபடி ஏறிக்கலாம்ல."

"அப்புறம் ஏங்க சொல்லல?"

"நீதான் நல்லா இருக்கும்போது ரொம்ப நல்லா இருப்பாருன்னு சொன்னியே" என்றார். குரலில் குற்றம் சொல்கிற சாயலே இல்லை. "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

தாளை இருந்த மடிப்பிலேயே மடித்து என் மடியில் வைத்தார். கட்டி முடிக்காத பெட்டியைத் திரும்பிப் பார்த்து, "இன்னொரு கயிறு இருந்துச்சே, எங்கே வச்ச?" என்று கேட்டார்.

நான் கதவு மூலையைக் கையால் மட்டும் காட்டினேன்.